டிராயிங் வாத்தியார் கேட்ட குரல்

1

"மாத்திரையைக் கூட்டாதீங்க சிஸ்டர். நான் கேட்டது நெசம்" என்று டிராயிங் வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எழுபதுகளின் கடைசியில், குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் மனநல ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். வாத்தியாருக்கு ஊர் வீரகேரளம்புதூர். முந்தின வருஷம் எங்களிடம் அட்மிட் ஆகிக் குணமாகிப் போனவர், தூக்கம் கெட்டு மறுபடி வந்திருந்தார். இந்த முறையும் தேறிவிட்டார். லீவு முடியப் போகிறது. டாக்டர் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுத்தால் வேலை நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும்.

சாரல் காலத்தில் நோயாளிகளை அருவிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைப்பது எங்கள் வழக்கம். அங்கேதான் அன்று காலை அதைக் கேட்டாராம்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளு சிஸ்டர். 'தம்பி கிணத்துக்குள்ள நின்னு கூப்பிடுதான், தண்ணி அவனுக்குக் கழுத்து மட்டுந்தான்'னு கூட வந்தவன்ட்ட கத்திச் சொல்லிச் சிரிக்கான். அது நான் சொன்னதுல்லா? உங்களையும் டாக்டரையும் தவிர யாருட்டயும் சொல்லலியே!"

எனக்குச் சிலிர்த்துப்போனது. அவர் தம்பி கிணற்றில் விழுந்து செத்தவன். போன வருஷம் நோய் முற்றியிருந்தபோது அவர் பிதற்றிய வார்த்தைகள் அவை, ஓர் எழுத்து மாறவில்லை.

நான் போய்ச் சொன்னதை டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "தன்னோட எண்ணத்தை அடுத்தவன் வாயால கேக்குறது இந்த நோயோட முக்கியமான அறிகுறி. சர்டிபிகேட் இப்போ முடியாது. டோஸைக் கூட்டுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் படித்த புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.

2

அடுத்த முறை அருவிக்கு நானும் போனேன். மலை தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும், அப்படி ஓர் இரைச்சல். குளிருக்கு இதமாக வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கினேன். பாதி தின்ற பிறகுதான் தாளைப் பார்த்தேன்.

'தம்பி கிணத்துக்குள்ள நின்னு கூப்பிடுதான்.'

என் கையெழுத்து. நோயாளி சொல்வதை அவர் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுவார் டாக்டர். வாயில் இருந்த கடலையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஈரத் தலையோடு எத்தனையோ பேர், கைக்குக் கை பொட்டலம். சிலர் தாளைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"பழைய பேப்பர் கடையில வாங்குனதும்மா. நல்ல கெட்டித் தாளு" என்றார் கடலைக்காரர்.

பழைய கேஸ் ஷீட்டுகளை எங்கள் மேனேஜர்தான் எடைக்குப் போட்டிருக்கிறார். "பூஞ்சை பிடிச்சு எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு சிஸ்டர். பைத்தியக்காரன் பேச்ச யாரு படிக்கப் போறா?" என்றார் அந்த மகராசன். வந்த ஆத்திரத்தில் பொட்டலத்தைக் கடலையோடு அவர் மேஜையில் கொட்டினேன்.

டாக்டர் அந்தத் தாளை வாசித்தார். பிறகு சர்டிபிகேட்டை எழுதினார். கடை கடையாக ஏறி இறங்கிக் கிடைத்த தாள்களைச் சேர்த்துக்கொண்டு, வாத்தியாரிடம் அவரே போய் நடந்ததைச் சொன்னார்.

வாத்தியார் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கெடச்சது போக மீதி?"

"சீசனுக்கு வந்தவங்க கொண்டு போயிட்டாங்க சார்" என்றேன்.

"குரல்னா மாத்திரைக்கு அடங்கும் சிஸ்டர். இது அடங்காதுல்லா?"

இருப்பதையாவது எரித்துவிடுகிறேன் என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். அந்த மாசத்துல தம்பி கூப்பிட்டதத் தவிர வேற ஒண்ணும் எனக்கு ஞாபகமே இல்ல. மத்ததெல்லாம் இந்தத் தாள்ல மட்டுந்தான் இருக்கு. வச்சிருங்க. வேற டாக்டருக்குக் காட்டணும்னாலும் காட்டுங்க. யாரு வாசிக்கான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்."

3

வாத்தியாரின் வேலை போகாமல் தப்பியது. எண்பதுகளின் கடைசியில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கடலையைச் சட்டைப்பைக்குள் கொட்டிவிட்டு, பொட்டலத் தாளை நீவி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஆஸ்பத்திரி மீட்டிங்கில் கேட்டதைச் சொன்னேன். "இனிமே பேப்பரே கிடையாதாம் சார். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தப்போறாங்களாம். எந்த ஊரு ஆஸ்பத்திரியில இருந்தும் பாத்துக்கலாமாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அன்னைக்கு ஒருத்தன் வாசிச்சது எனக்குக் கேட்டுச்சு சிஸ்டர். அதுல வாசிச்சாக் கேக்குமா?"

இப்போது நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கம்ப்யூட்டரில் வாசிப்பது அவருக்குக் கேட்காது. நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.