ரிஜெக்ட் அக்கா வைத்துக்கொண்ட கேமரா

ஏழு கேமராக்களும் கட்டில்மேல் வரிசையாகக் கிடந்தன. காலை வெயில் விழுந்து ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் ஒரு குட்டி ஜன்னல் தெரிந்தது. வலது காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு ரிஜெக்ட் அக்கா அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் ஒன்றுதான் அவளோடு தங்கை வீட்டுக்குப் போகலாம். மற்ற ஆறும் பதினொரு மணிக்கு வரப்போகிற பழைய கேமரா கடைக்காரரின் பெட்டிக்குள். அப்படித்தான் பேச்சு.

அவள் இருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முட்டி போய்விட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்த முட்டிய வச்சு என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். "மண்ணுல மண்டி போட்டேன். முப்பது வருஷம்" என்றாள். அவர் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

அது பிரார்த்தனை இல்லை, வேலை. பம்பு செய்கிற வார்ப்பட ஆலை. உருக்கிய இரும்பை மண் அச்சில் ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துப் பம்பின் உறையை வெளியே எடுப்பார்கள். சிலது ஓட்டையோடு வரும், சிலது விரிசலோடு. கழிக்க வேண்டியதைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு, 'ரிஜெக்ட்' என்று எழுதி, படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். அவள் சேர்ந்தது என்னவோ குமாஸ்தாவாகத்தான். மண்டி போட்டுப் படமெடுத்தால் பேன்ட் மடிப்பு கலைந்துவிடும் என்று ஆண்கள் ஆளாளுக்கு ஒதுங்கியதால் கேமரா அவள் கைக்கு வந்தது. ஒரே மாதத்தில் பெயரும் வந்தது. அவள் கேமராவோடு வந்து நின்றால் ஏதோ ஒரு பீஸ் போச்சு என்று அர்த்தம். "ரிஜெக்ட் அக்கா வருது, மறைச்சு வைங்கடா" என்று பட்டறை முழுக்கக் குரல் போகும். அவள் கல்யாணம் செய்துகொள்ளாததால் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்தவர்களும் உண்டு. அவர்களிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "எழுதுறவ நான். என் மேல எழுத எவன் கையிலயும் சாக்பீஸ் இல்ல."

இப்போது அறைக்குள் மூன்று பேர் மூன்று வேலையாக இருந்தார்கள். தங்கை சமையலறையில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தங்கை மகள், கல்லூரி முடித்து நான்கு மாதமாக வேலை தேடிக்கொண்டிருப்பவள், அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் டேப்பைக்கூடக் கோணாமல் ஒட்ட வேண்டும் என்று எல்லாரும் அவளிடம் எதிர்பார்த்தார்கள். தங்கையின் கணவர் கட்டிலருகே நின்று, எந்தக் கேமரா என்று அவளுக்குப் பதிலாகத் தானே முடிவு செய்துகொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர். எந்தப் பொருளாக இருந்தாலும் அதற்கொரு தட்டு உண்டு, அந்தத் தட்டில்தான் அது இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"அக்கா, இத வச்சுக்குங்க" என்று, துருத்தி போல விரிந்து மடங்கும் கேமராவைத் தொட்டுக் காட்டினார். "ஹால்ல ஷோகேஸ் இருக்குல்ல, நடுத்தட்டுல வச்சா வர்றவங்க கேப்பாங்க, என்ன இதுன்னு."

"ஷோகேஸ்ல வைக்கவா மாப்பிள்ளை? எனக்கும் அதுலயே ஒரு தட்டு ஒதுக்கிடுங்க. சேர்ந்து உக்காந்துக்கறோம்."

தங்கை மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரியம்மா, அந்த ரெண்டு லென்ஸ் கேமரா?" என்றாள். "மேலேர்ந்து குனிஞ்சு பாப்பமே, இடம் வலம் மாறித் தெரியுமே."

"அழகுதான். ஆனா குனியணும். இடுப்பையும் கழிச்சுக்கட்டச் சொல்றியா?"

அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். சின்ன ஜெர்மன் கேமரா, ஷட்டர் விழுவது தும்மலை அடக்கியது போலத்தான் கேட்கும். அதை வாங்கத்தான் கடைக்காரர் இவ்வளவு தூரம் வருகிறார். ஒரு ரோலில் எழுபத்திரண்டு படம் எடுக்கிற பாதிக்கட்டக் கேமரா. தானாகவே ஃபிலிமை நகர்த்திக்கொள்ளும் மோட்டார்க் கேமரா. அது ஒரு அவசரக்குடுக்கை, ஓய்வு பெற்றபின் ஆசைப்பட்டு வாங்கி ஒரே வாரத்தில் சண்டை வந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் ஒன்று. எல்லாவற்றையும் துடைத்து, காதருகே வைத்து ஷட்டரைக் கேட்டு, திரும்ப வைத்தாள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எதுவும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் பழைய துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். கனமான, கறுப்பு ஜப்பான் கேமரா. வலது மூலையில் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம். வெளிச்சம் அளக்கிற முள் எப்போதோ செத்துவிட்டது. பேட்டரி இல்லாமலே ஓடும்.

மருந்துக்கடைக்காரர் முகம் மாறியது. "அது வேணாம்" என்றார். "எத வேணும்னாலும் எடுத்துக்குங்க. அது மட்டும் வேணாம்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆலையில் ஃபிலிம் பெரிய டப்பாவாக வரும். அதை இருட்டில் வெட்டிப் பழைய உருளைகளுக்குள் அவளே சுற்றிக்கொள்வாள். புது உருளைக்கும் எடுத்து முடித்த உருளைக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. எடுத்து முடித்ததையும் முழுக்க உள்ளே சுற்றிவிடாமல் ஃபிலிமின் நாக்கை வெளியே விட்டுவைப்பது அவள் வழக்கம். கழுவும்போது மூடியைப் பெயர்க்க வேண்டியதில்லை. அப்புறம் எது எது என்று எப்படித் தெரியும்? வேலைக் கோட்டில் இரண்டு பாக்கெட். வலது பாக்கெட்டில் புதுசு, இடது பாக்கெட்டில் எடுத்தது. பன்னிரண்டு வருடம் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

தங்கை கல்யாணத்தன்று அவள் கோட்டுப் போடவில்லை. நல்ல துணி உடுத்தியிருந்தாள். நல்ல துணியில் பாக்கெட் கிடையாது. உருளைகளைக் கைப்பையில் போட்டு, ஆலையின் இந்தக் கறுப்புக் கேமராவை மாட்டிக்கொண்டு நேரே பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கைப்பைக்கு இடது வலது தெரியாது.

வேறு போட்டோக்காரர் வேண்டாம், தானே எடுத்துத் தானே கழுவிப் பிரிண்ட் போட்டுத் தருவேன், அதுதான் என் பரிசு என்று வாக்குக் கொடுத்திருந்தாள். முப்பத்தாறு படம். மூன்றாம் நாள் மருந்துத் தண்ணீருக்குள் முதல் படம் மெல்லத் தெளிந்து வந்தது. மணமக்கள் இருந்தார்கள். ஆலையில் எடுத்து முடித்த ஃபிலிமிலேயே கல்யாணத்தையும் எடுத்திருந்ததால், அவர்கள் மேலேயே பம்பு உறைகளும் இருந்தன. தங்கையின் தோளில் ஒரு அம்புக்குறி. சாட்சிக் கையெழுத்துப் போடுகிற மாமாவின் வயிற்றில் ஒரு ஓட்டை. மாப்பிள்ளையின் முகத்தைச் சுற்றித் துல்லியமாக ஒரு வட்டம். முடியில் தொடங்கி நெற்றி நெடுக, அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில், 'ரிஜெக்ட்'.

அவள் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம், ஃபிலிம் கெட்டுப்போச்சு என்று ஒரு பொய் போதும். முப்பத்தாறையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், "தப்பு பண்ணிட்டேன்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா, "எம் பிள்ளைய முதல் நாளே கழிச்சுக் கட்டிட்டியா?" என்று அவள் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கிழித்தார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் உள்ளேயே வைத்திருந்தார் போலிருக்கிறது. இன்றைக்கு வெளியே வந்தது.

"எங்கம்மா அழுதாங்க அன்னிக்கு. அந்தக் கேமரா என் வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"தப்பு நான் பண்ணது மாப்பிள்ளை. கேமரா என்ன பண்ணுச்சு? நீங்க சிரிச்சீங்க, அதையும் எடுத்துச்சு. நான் போட்ட ஃபிலிம்ல எடுத்துச்சு."

"அப்படியே பேசுவீங்க. அது பாக்கறதுக்கே நல்லாவா இருக்கு? அந்தப் பள்ளம் வேற."

அந்தப் பள்ளத்தைச் சொன்னதும் அவள் காலை முக்காலியிலிருந்து இறக்கினாள். வலித்தது. இறக்கினாள்.

"பள்ளம் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? பெரிய உறை ஒன்னு, அனுப்ப வேண்டிய தேதி தாண்டிப்போச்சு. பின்பக்கம் விரிசல். மேனேஜர் வந்து முன்பக்கம் மட்டும் எடுன்னார். எடுத்தேன். எடுத்துட்டுப் பின்பக்கமும் போனேன். கையத் தட்டிவிட்டார். கேமரா இரும்புப் பெட்டி மேல விழுந்துச்சு. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க. எடுத்துக் காதுல வச்சு ஷட்டர அமுக்கினேன். ஓடுச்சு. அங்கயே மண்டி போட்டு அந்த விரிசல எடுத்தேன், அவர் பூட்ஸோட சேத்து. கழுவி வாசல் பலகைல ஒட்டினேன். அந்த உறைய உடைச்சாங்க. எனக்கு ஆறு வருஷம் பதவி உயர்வு வரல. போகட்டும். அப்புறம் படமெடுக்கப் புது மிஷின் வந்ததும் இதப் பழைய இரும்போட போடச் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டு நான் எடுத்துட்டு வந்தேன்." மூச்சு வாங்கினாள். "மத்த ஆறும் நான் ஆசைப்பட்டு வாங்கினது. இது என்கூட வேலை பாத்தது. ஒன்னுதான்னா இதுதான்."

"அப்ப என் வார்த்தைக்கு..."

"இது வரலேன்னா நானும் வரல. மூணு மாடியும் உக்காந்து உக்காந்து இறங்கிக்கறேன். ஏறுறதுக்கு ஒரு நாள் முழுக்க ஆகும், ஆகட்டும்."

டேப் ஒட்டுகிற சத்தம் நின்றது. மருந்துக்கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அவர் நிஜமாகவே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால், நாளைக் காலையில் பாலுக்கு எப்படி இறங்குவது என்று ரிஜெக்ட் அக்காவுக்கும் தெரியாது. இருந்தாலும் கேமராவின் வாரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் தங்கை சமையலறையிலிருந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தன் கைப்பையைத் திறந்து, உள்ஜிப்பிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படத்தை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். ஓரங்கள் மழுங்கிய கறுப்பு வெள்ளைப் படம். வட்டம், அம்பு, நெற்றி, எழுத்து, எல்லாம் இருந்தது.

அவர் திடுக்கிட்டார். "இது... அம்மா எல்லாத்தையும் கிழிச்சாங்களே?"

"முப்பத்தஞ்ச கிழிச்சாங்க. ஒன்ன மட்டும் நான் அது மேலயே உக்காந்து மறைச்சிட்டேன்."

"எதுக்கு?"

"எனக்கு இருக்கறது ஒரு கல்யாணப் படம். அதையும் கிழிக்கக் கொடுப்பேனா?" தங்கை கொஞ்சம் தயங்கினாள். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாச்சு என்பது போல, "நீங்க கத்துற அன்னிக்கெல்லாம் எடுத்துப் பாப்பேன். நெத்தியில எழுதியிருக்கும். சிரிப்பு வந்துரும். கோவம் போயிரும்" என்றாள்.

மகள் டேப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அவள் முதுகு குலுங்கியது.

மருந்துக்கடைக்காரர் படத்தை விலக்கிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அதை முழுசாகப் பார்க்கிறார். திட்டப்போகிறார் என்று மூன்று பெண்களும் காத்திருந்தார்கள்.

"நான் இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்?" என்றார்.

"இருந்தீங்க" என்றாள் ரிஜெக்ட் அக்கா. "அதுக்கும் இதுதான் சாட்சி."

அவர் படத்தை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே கொடுக்கவில்லை. "வரட்டும்" என்றார் கேமராவைப் பாராமல். "ஆனா என்னை எடுக்கக் கூடாது."

"அதுக்கெல்லாம் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஷோகேஸ்லயும் வைக்க மாட்டேன். அது வேலை செய்யற கேமரா."

கடைக்காரர் பதினொன்றேகாலுக்கு வந்தார். ஆறையும் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்தார், ஜெர்மன் கேமராவை மட்டும் இரண்டு தடவை. போகும்போது அவள் கழுத்தில் தொங்குவதைப் பார்த்து, "தங்கத்தையெல்லாம் கொடுத்துட்டு இதையாம்மா வச்சுக்கறீங்க? இத சும்மா கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன்" என்றார்.

"சும்மா யாரு கொடுக்கறா?" என்றாள்.

இறங்க ஆரம்பித்தார்கள். ஒரு கையில் கைப்பிடி, மறுபக்கம் தங்கை மகளின் தோள். ஒவ்வொரு படிக்கும் கேமரா மார்பில் ஒரு தட்டுத் தட்டியது. பெட்டியில் வைத்துத் தருகிறேன் என்று மகள் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெரிய ஜன்னல். அங்கே நின்றாள். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். "ஷட்டர் செகண்டுல அறுபதுல ஒன்னு போதும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பைக்குள் கையை விட்டுக் கடையில் வாங்கிய, காகித உறை பிரிக்காத ஒரு ரோலை எடுத்து மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினாள்.

"நீங்களே பிரிச்சுக் கொடுங்க மாப்பிள்ளை. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

அவர் வாங்கினார். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்ப்பதுபோல் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உறையைக் கிழித்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாக்கை விரலால் தொட்டுப் பார்த்து, "இதுல ஒன்னும் இல்லியே?" என்று மகளிடமும் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

அவள் மாட்டினாள், மூடினாள், நெம்புகோலை இரண்டு தடவை தள்ளினாள். மேலே இருந்த குமிழ் கூடவே சுற்றியது. ஃபிலிம் சரியாகப் பிடித்திருக்கிறது. தங்கையும் மகளும் ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றார்கள். எடுக்கக் கூடாது என்று சொன்னவர் கீழே போகாமல் அங்கேயே நின்றார். காலர் பொத்தானைப் போட்டார். பிறகு என்ன தோன்றியதோ, கைக்குட்டையை எடுத்து நெற்றியை அழுத்தி ஒரு தடவை துடைத்தார்.

"துடைக்காதீங்க மாப்பிள்ளை" என்றாள் ரிஜெக்ட் அக்கா, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல். "இன்னும் ஒன்னும் எழுதல."