அத்தையிடம் சொல்லாமல் போட்டுக்கொண்ட ஊசி

கர்ப்பிணிகளும் கொரோனா ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று டிவியில் சொன்னபோது எனக்கு ஐந்தாவது மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்திலும் அடுத்தது நாலரை மாதத்திலும் கலைந்துபோயிற்று. அதனால் அந்தத் தடவை குடத்தைத் தூக்கக்கூட அத்தை விடமாட்டார். அத்தை என்றால் என் மாமியார். ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாமா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. என் வீட்டுக்காரர் துபாயில் டிரைவர். தை மாதம் லீவில் வந்துவிட்டுப் பங்குனியில் திரும்பிப் போனவர், அப்புறம் விமானம் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி மூடியிருந்ததால் செல்போனை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

டிவியில் அந்தச் செய்தி வந்ததும் அத்தை எழுந்து வந்து டிவியை அணைத்தார்.

"நமக்கு வேண்டாம். புள்ள பொறந்ததுக்கப்புறம் ஒனக்குப் பிடிச்சதைப் போட்டுக்க."

நான் சரி என்றேன். அப்போது எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் நாலு மாதம் ஓடிப்போகும் என்று நினைத்தேன்.

ஆனால் எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர் நினைவு வந்துகொண்டே இருந்தது. வைகாசியில்தான் அவள் இறந்தாள். எட்டு மாதம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். காய்ச்சல் வந்து, மூச்சுத் திணறி, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. வயிற்றைச் சாக்குச் சொல்லி என்னை அடக்கத்துக்கு யாரும் விடவில்லை. பள்ளி வாட்ஸப் குரூப்பில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில், உடம்பு முழுக்க மூடிய உடையில் நாலு பேர் பெட்டியை இறக்குகிறார்கள். பங்குச் சாமியார் தள்ளி நின்று ஜெபிக்கிறார். சொந்தக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அந்தப் படத்தை உடனே அழித்துவிட்டேன். ஆனாலும் பாத்திரம் கழுவும்போது, பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது, அது முன்னால் வந்து நின்றது.

ஸ்கேன் எடுக்கப் புதுக்கோட்டை போனபோது டாக்டரிடம் கேட்டேன். அத்தை வெளியே மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டேன்.

"போட்டா நல்லதுன்னுதான் சொல்லுறாங்க. ஆனா உங்களுக்கு ரெண்டு தடவை அபார்ஷன் ஆயிருக்கு. நான் போடுங்கன்னும் சொல்லலை, போடாதீங்கன்னும் சொல்லலை. வீட்ல கலந்து பேசி முடிவு பண்ணுங்க" என்றார் அந்த அம்மா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேன் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கலந்து பேச யார் இருக்கிறார்கள்? அன்று மத்தியானம் வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டேன். அவர் இரண்டு ஊசியும் போட்டிருந்தார். போடாவிட்டால் கம்பெனியில் வண்டிச் சாவி தரமாட்டார்களாம்.

"ஒனக்கு என்ன தோணுதோ அதைச் செய்" என்றார். "ஆனா ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா..." என்று ஆரம்பித்தவர், "நெட்டு சரியில்ல, அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டார். நெட் நன்றாகத்தான் இருந்தது.

முதல் தடவை ஊசி முகாமுக்குப் போனது ஆடிக் கடைசியில். ஊர் ஆரம்பப் பள்ளியில் வைத்துப் போட்டார்கள். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி என் வயிற்றைப் பார்த்து, "மாசமா இருக்கவுகளுக்குமா போடுறாக?" என்று சத்தமாகக் கேட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஆதார் கார்டு எடுத்துட்டு வர மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கார்டு பர்ஸில் இருந்தது. வழியெல்லாம் அழுகை வந்தது. யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து நர்சம்மா வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்துக் கர்ப்பிணிகளையெல்லாம் அவர்தான் பார்க்கிறார். ஸ்கூட்டியில் வந்து, பிரஷர் பார்த்து, சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அத்தை தண்ணீர் எடுத்துவர உள்ளே போனதும் அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"போடலாமாக்கா? உண்மையைச் சொல்லுங்க."

"மேல என்ன சொல்லச் சொல்லுறாங்களோ அதைத்தான் நான் சொல்ல முடியும்" என்றார். பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்தார். வைத்துவிட்டு, "அந்தத் தமிழ் டீச்சருக்கும் நான்தான் கர்ப்பிணி கார்டு போட்டேன், தெரியுமா? அப்ப மாசமா இருக்கவங்களுக்குப் போட உத்தரவு வரலை. வந்திருந்தா நான் அவளை இழுத்துக்கிட்டாச்சும் போயிருப்பேன்" என்றார்.

அத்தை சொம்போடு வந்தார். நர்சம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு வெயிலைப் பற்றி ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதச் செக்கப்புக்குப் போனேன். அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் தெரிந்த ஆட்டோவில் தனியாக அனுப்பினார். செக்கப் முடிந்ததும் பக்கத்து அறைக்குப் போய் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதக் கர்ப்பிணி, சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துக் கோணலாக விழுந்தது. ஊசி எறும்புக் கடி மாதிரிதான் இருந்தது. அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து என் உடம்பையே கவனித்துக்கொண்டிருந்தேன். நாக்கு தடிக்கிறதா, நெஞ்சு அடைக்கிறதா, வயிறு இறுகுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, செக்கப்பில் கூட்டம், அதனால்தான் நேரமாகிவிட்டது என்று அத்தையிடம் சொன்னேன்.

சாயங்காலம் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. அவர்கள் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு தலைவலி என்று படுத்துவிட்டேன். காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அது பரவாயில்லை. ஏழாம் வகுப்புக்குத் தசமப் புள்ளி நடத்தி முடித்து, பதினோரு மணி வாக்கில்தான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை.

அதற்கு முன் பத்து நாளாகவே நன்றாக அசைந்துகொண்டிருந்தது. காப்பி குடித்ததும் ஒரு உருளல், சாப்பிட்டதும் ஒரு உதை. இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தேன். சீனி போட்டுத் தண்ணீர் குடித்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். லேசாகத் தட்டிப் பார்த்தேன். "அம்மாடி, அம்மாடி" என்று கூப்பிட்டேன். முன்பு இரண்டு தடவையும் எனக்கு எதுவும் தெரியாமலேதான் போனது. இந்தத் தடவை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

அடுப்படிக்குப் போனேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை, புள்ள அசையலை."

அத்தை கீரையை அப்படியே தரையில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ. ஆட்டோவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆட்டோவில் என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தை, நேத்து நான் ஊசி போட்டுக்கிட்டேன். ஒங்ககிட்ட சொல்லலை."

"தெரியும்" என்றார். ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த விரல் நிற்கவில்லை. "காலையில கைய தூக்க முடியாம ஒத்தக் கையால கொண்டை போட்டியே. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ இல்லைன்னு சொல்லுவ. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு ஒன்னையப் பொய் சொல்ல வைக்கணும்? பேசாம இரு. இந்தா, இதைப் பிடி."

மாலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரிடம், "மெதுவாப் போப்பா, மெதுவா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "வேகமாப் போகக்கூடாதாப்பா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் சின்னப் பெண். வயிற்றில் பசையைத் தடவி, இதயத் துடிப்புக் கேட்கும் கருவியை வைத்தாள். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. இடத்தை மாற்றினாள். இரைச்சல். இன்னும் கீழே வைத்தாள். அப்போதும் இரைச்சல். அத்தை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. நர்ஸ் என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, விலா எலும்புக்குக் கீழே அழுத்தி வைத்தாள். தையல் மிஷினை வேகமாக மிதித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. டகடகடகவென்று நிற்காமல் வந்தது.

"இந்தா இருக்காங்க. அங்கிட்டு முதுகைக் காட்டிக்கிட்டுத் தூங்குறாங்க" என்று சிரித்தாள்.

நான் அழுத அழுகையில் அந்தச் சத்தமே விட்டுவிட்டுத்தான் கேட்டது. அத்தை அழவில்லை. "இன்னொருக்கா வைம்மா" என்றார். அவள் வைத்தாள். "இன்னொருக்கா" என்றார். மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் வெளியே போனார். வராண்டாவில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அதனால் அத்தை மனம் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு போடுவார், மாத்திரையை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். அடுத்த டோஸுக்கு நான் சொல்லிவிட்டே போனேன். "ஒன் இஷ்டம்" என்றார். கடைசிவரை அவர் போட்டுக்கொள்ளவில்லை. நர்சம்மா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். "எனக்கு இனிமே எதுக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கார்த்திகை மழையில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தை மாதம் ஊரெல்லாம் காய்ச்சல் வந்தபோது அத்தைக்கும் வந்தது. தானாகவே பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்பது நாள் நான் சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து இருமல் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நிற்பேன். இருமினால் பயம். இருமாவிட்டால் அதைவிடப் பயம். பத்தாம் நாள் குளித்துவிட்டு வெளியே வந்து, "பாத்தியா, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். நான் வாசற்படியில் கிடந்த தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

என் பயம் அத்தோடு போகவும் இல்லை. குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பும், சிரிக்கும், வேண்டியதைக் கைகாட்டும். வார்த்தை மட்டும் வராது. பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுச் செல்போனில் தேடிக்கொண்டே இருப்பேன். ஊசி, கர்ப்பம், பேச்சு என்று விதவிதமாக எழுதித் தேடினேன். ஒருவர் சம்பந்தமே இல்லை என்பார். இன்னொருவர் பயமுறுத்துவார். பயமுறுத்துகிறவரைத்தான் கடைசிவரை படித்தேன். திருச்சியில் காதுக்கு டெஸ்ட் எடுத்தார்கள். காது நன்றாக இருக்கிறது, சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும், அந்த ஊசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை நம்பினேன். பஸ் ஆவூர் வந்து சேர்வதற்குள் மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த மாதங்களில் அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று சொல்ல எத்தனையோ நேரம் வாய்த்தது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "ஏன் இன்னும் பேசலை?" என்று கேட்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அத்தைதான் பதில் சொல்வார்.

"எங்க வீட்டு ஆளுகளே லேட்டாத்தான் பேசுவோம். இவ அப்பனுக்கு மூணு வயசாச்சு."

அது பொய். என் வீட்டுக்காரர் ஒன்றரை வயதிலேயே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாயாடுவார் என்று அத்தையே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆடு வாசல் தாண்டி உள்ளே தலையை நீட்டியது. என் மகள் கையை நீட்டி, "அங்கிட்டுப் போ!" என்றாள். அத்தை விரட்டும் அதே அதட்டலில், அதே இழுப்பில் சொன்னாள்.

ஆடு போகவில்லை. அத்தை கையிலிருந்த இட்லியை அதற்கே போட்டுவிட்டு, "என்ன சொன்ன? என்னடி சொன்ன? இன்னொருக்கா சொல்லு" என்றார். அவள் சொல்லவில்லை. இட்லி போய்விட்டதே என்று அழ ஆரம்பித்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பள்ளிக்குப் போன் செய்து லீவு சொன்னேன்.