பிள்ளை அழுத சத்தம்

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுதந்திரம் வந்த மறு வருஷம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மலையாளச் சீமையில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், பருப்புக் கடைக்காரர்களான எங்கள் வீட்டின் இருட்டு அறையில்தான் பிரசவம். உதிரம் நிற்காமல் போய், எப்படியோ பிழைத்தாள். பிழைத்தவளைக் கொல்ல எங்கள் பத்தியமே போதும். வயிறு பெருத்துவிடும் என்று தாகத்துக்குத் தண்ணீர்கூட முழுதாகத் தரமாட்டார்கள். பூண்டு, மிளகு, ஒரு பிடி சோறு, அவ்வளவுதான்.

குழந்தை அழுதால் அக்கா துள்ளி எழுவாள். எழுந்த வேகத்தில் முகம் வெளுத்து, கண் மேலே செருகி, அப்படியே சரிவாள். கை சில்லிட்டிருக்கும். எங்கள் கொல்லையில் ஒரு ஏழிலைப் பாலை மரம் நின்றது. யட்சி குடியிருக்கும் மரம் என்று தெருவே சொல்லும். அப்புறம் கேட்கவா வேண்டும்?

“பிள்ளை அழும்போதுதான் அது வருது, பாத்தியா? பிள்ளை ரத்தத்தக் கேக்கு,” என்றாள் மாமியார். குழந்தையை அக்காவிடமிருந்து பிரித்து என் மடியில் போட்டார்கள். சங்கில் பசும்பால் புகட்டினேன்.

வித்துராப் பக்கமிருந்து ஒரு மந்திரவாதி வந்தார். உப்பின் ருசிக்குத்தான் யட்சி உடம்பில் தங்குகிறாள், ஒரு மண்டலம் உப்பில்லாமல் சாப்பாடு கொடுங்கள் என்றார். உப்பும் போயிற்று. அக்கா முன்னைவிட அதிகமாக விழுந்தாள். யட்சி இறங்க மனமில்லாமல் முரண்டு பிடிக்கிறாள் என்றார்கள். எனக்கும் பயம்தான். அந்த அறையைத் தாண்டும்போது குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வேன்.

அதைவிடப் பயங்கரம் வேறொன்று. கூடத்தில் குழந்தை வீறிடும். உள்ளேயிருந்து அக்கா, “அத்தே, பிள்ளை அழுகுதோ?” என்பாள். மாமியார் அறை வாசலை அடைத்து நின்றுகொண்டு, “அழல்லட்டி. ஒனக்குத்தான் அப்படித் தோணுது. நீ படு,” என்பாள். குழந்தை அழுதுகொண்டேயிருக்கும். நாளாக ஆக அக்காவே அதை நம்பத் தொடங்கினாள்.

“எனக்குள்ள எவளோ இருக்கா, தங்கச்சி. இல்லாத சத்தமெல்லாம் கேக்கு. பிள்ளைய எங்கிட்டக் கொண்டு வராத,” என்றாள் என்னிடம்.

ஒருநாள் மத்தியானம் எழுந்தவள் ஆட்டுக்கல்லில் நெற்றி மோதி விழுந்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் அவள் புருஷன் யாரையும் கேட்கவில்லை. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

நெற்றியைத் தைத்த லேடி டாக்டர், அக்காவைப் படுக்கவைத்துக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தாள். நான் பிடித்திருக்காவிட்டால் அக்கா அங்கேயும் விழுந்திருப்பாள்.

“யட்சியுமில்ல, ஒண்ணுமில்ல. பிரஷர் கொறவாணு,” என்றாள் டாக்டர். பிரசவத்தில் போன ரத்தம் இன்னும் ஊறவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, இப்போது உப்பும் இல்லை. இப்படிப்பட்ட உடம்பு திடீரென்று எழுந்தால் தலைக்கு ரத்தம் எட்டாது, யாராக இருந்தாலும் விழத்தான் செய்வார்கள் என்று தமிழும் மலையாளமுமாகத் திட்டித் தீர்த்தாள்.

பிள்ளை அழும்போது மட்டும் விழுவது ஏன் என்று அக்காவின் புருஷன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “பிள்ளை அழாமல் பெத்த தாய் எதுக்கு எழுந்து ஓடணும்?”

வீட்டில் உப்புப் போட்ட கஞ்சி கொதித்தது. மருந்து வந்தது. அக்கா முதலில் உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து, பிறகு எழப் பழகினாள். விழுவது நின்றது. குழந்தையை நானே அவள் மடியில் கொண்டுபோய் வைத்தேன். மாமியார் கடைசிவரை “யட்சி போயாச்சு” என்றுதான் சொன்னாள். வரவேயில்லை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், மத்தியான வேளைகளில் அக்கா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள்.

“தங்கச்சி, பிள்ளை அழுதானா?”

“இல்லக்கா. அவன் ஸ்கூல்லல்லா இருக்கான்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு சுவரைப் பிடித்து, டாக்டர் சொன்னபடி மெதுவாக எழுவாள்.

“அன்னைக்கும் அழல்லன்னுதானே சொன்னீய,” என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய்ப் பார்ப்பாள்.