மம்பட்டி வெட்டிய கரை

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தள்ளுவண்டியில் இறால் வறுத்துக்கொண்டிருந்தார்கள். வாசத்துக்கு நின்றேன், பஸ் போய்விட்டது. தின்ன அல்ல; இறால் தின்றால் எனக்கு உடம்பெல்லாம் தடிக்கும். இறால் வளர்க்கப் போனவனுக்கு வாய்த்த உடம்பைப் பாருங்கள்!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்து மில் வேலையை விட்டுவிட்டு, நானும் அக்காவும் வேம்பார்க் கடற்கரையில் இறால் குளம் வெட்டினோம். பக்கத்துக் குளம் பெருமாள்சாமி அண்ணாச்சியுடையது. ஊரில் எங்கள் தெருக்காரர்தான்.

இறால் பிடிக்கிற பக்குவத்தில் புயல் வந்தது. ஓய்ந்தபின் போய்ப் பார்த்தால் எங்கள் குளம் காலி. உடைமர முள்ளெல்லாம் இறால், காக்காய்களுக்குக் கொண்டாட்டம். அக்கா மட்டும் இரண்டு குளத்துக்கும் நடுவிலிருந்த கரையையே பார்த்தாள். தண்ணீர் உடைத்தால் கரை பிய்ந்து கிடக்கும். இது மம்பட்டியால் வெட்டிய அல்வாத் துண்டு போல நேராக இருந்தது. அண்ணாச்சி தன் குளத்து வெள்ளத்தை எங்கள் பக்கம் வெட்டி விட்டிருக்கிறார். அது எங்கள் வெளிக்கரையை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறது.

கேட்டதற்கு, "புயல் செஞ்சதும்மா. ஏலலைன்னா எடத்த எனக்கே குடுத்துரு" என்றார்.

அக்கா அழவில்லை. வன்னியம்பட்டியிலிருந்து மாமன் மச்சான் அத்தனை பேரையும் லாரியில் கொண்டுவந்து இறக்கினாள். புயலுக்குப் பிறகு கூலிக்கு ஆளே கிடைக்காத நேரம். நானும் மண் சுமந்தேன். கொட்டியதைவிடச் சிந்தியதுதான் அதிகம். கரை எழும்பியது, புதுக் குஞ்சு விட்டோம்.

அண்ணாச்சியின் வெளிக்கரையும் உள்ளுக்குள் இளகிப்போயிருந்தது. கடல் பொங்கி ஏறும் பௌர்ணமி ஓதம் நெருங்க, எங்கள் குடிசைக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு நாளைக்கு ஆள அனுப்பு தாயி. கரை தாங்காது."

அக்கா சோற்றை வடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க ஆளுகளுக்கு எம்புட்டுத் தெரியும் அண்ணாச்சி? மம்பட்டி பிடிக்க ஒங்களுக்குத்தான் நல்லா வரும்."

ஓதம் வந்தது. அவர் குளம் கடலோடு போனது. நாங்கள் எங்கள் கரைமேல் நின்று பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நிறைவாக நான் எதையும் பார்த்ததில்லை. முதல் அறுவடையில் ஒரு தூக்குவாளி இறாலை அக்கா ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்கே கொடுத்துவிட்டாள்.

பிறகு இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து அந்தக் கரையோரத்துப் பண்ணைகளையெல்லாம் வழித்துக்கொண்டு போனது. எங்களுடையதும் தப்பவில்லை. அண்ணாச்சியும் செத்துப்போனார், அக்கா துஷ்டிக்குப் போகவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். எது அவர் குளம், எது எங்களுடையது என்றே தெரியவில்லை. ஒரே உப்புப் பொட்டல்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "ஏலே, அவன் கரை கெடக்கா?"

"தடமே இல்லக்கா."

"நம்ம கரை?"

"அப்படியே கெடக்கு" என்றேன்.