பஜ்ஜித் தாளில் ஒரு பெயர்

தண்ணீர் பாட்டிலின் நீல மூடியைக் கழற்றி, கீபோர்டின் என்டர் கீ மேல் கவிழ்த்து வைக்கிறார் ஜெயசித்ரா. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். "யாரும் சேவ் பண்ணலையே?" என்பதுதான் முதல் பேச்சு. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இல்லை, இல்லை என்று ஆபீஸில் இருக்கும் ஒவ்வொருவரும் சொன்ன பிறகு தலையாட்டுவார். நம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை.

வயது முப்பத்தொன்பது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் வீடு. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காம் தடவையும் இழுப்பார். "ஒரு நாளைக்குப் பூட்டு கையோட வந்துடும் பாரு" என்பது கணவர் தினமும் செய்யும் கேலி. அரியலூர் பஸ்ஸில் தோள்பை மடியை விட்டு இறங்காது. உள்ளே இரண்டு பென்டிரைவ், ஒரு ஸ்க்ரூடிரைவர், வயிற்றெரிச்சலுக்கு ஒரு பட்டை மாத்திரை. மாத்திரை மட்டும் வாராவாரம் தீர்ந்துவிடும்.

தொழில் இதுதான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சில ஆபீஸ்களில் இருபது வருடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் உறுமிக்கொண்டிருக்கும். விவரமெல்லாம் அதற்குள். மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு கருப்பு ஜன்னலைத் திறந்து, அதன் வழியாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். மேசைக்குப் புது கம்ப்யூட்டர் வந்ததும் ஆரம்பிக்கும் வினை. எழுத்துகளைப் பழையது ஒரு கணக்கில் எண்களாக வைத்திருக்கும். புதியது வேறு கணக்கில் படிக்கும். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கொம்பும் வாலும் முளைத்த இங்கிலீஷ் எழுத்துகளாகத் திரையில் வந்து நிற்கும். எண்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. ஆபீஸே பதறிப் போகும்.

"பேரு எங்கயும் போவல சார். பாக்குற கண்ணாடிதான் தப்பு" என்பார் ஜெயசித்ரா. செட்டிங்ஸில் ஒன்றை மாற்றியதும் பெயர்கள் பழையபடி வந்துவிடும். ஆனால் மாற்றுவதற்குள் யாராவது என்டர் தட்டினால், திரையில் தெரியும் குப்பையையே அந்தப் பழைய புரோகிராம் உள்ளே அனுப்பிவிடும். அதற்குப் புரியாத எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க யாராலும் முடியாது. மூடி அதற்காகத்தான்.

இன்னொன்றும் அவரால் முடியும். பதினோரு வருடப் பழக்கத்தில், அந்தக் கோணல் எழுத்துகளை அப்படியே படித்துவிடுவார், மருந்துக் கடைக்காரர் டாக்டர் கையெழுத்தைப் படிக்கிற மாதிரி. கேட்டால் கூச்சப்படுவார். "இதெல்லாம் ஒரு படிப்பாங்க" என்பார்.

போன ஆடி மாதம் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸில் வேலை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பட்டியல், நானூற்றுப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் சர்வே நம்பர், அதை அடுத்து அந்தக் குடும்பத்தில் யாருக்கு வேலை தருவதென்று அன்றைக்குப் பேசி முடித்த ஒரே ஒரு பெயர். கையெழுத்து வாங்கிய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது ஆள் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்ட வேண்டும். மிஷினில் என்ன பெயரோ அதுதான் முடிவு என்று அதிகாரி காசிநாதன் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை வெயில் தாளவில்லை. ஜெயசித்ரா தண்ணீர் குடித்தார். குடித்த கையோடு மூடியைப் பாட்டிலிலேயே திருகிவிட்டார். போன் அடித்தது, திரும்பினார், விரல் என்டரில் பட்டது. மற்ற நானூற்றுப் பதினொரு பெயர்களையும் சரிசெய்துவிட்டார். 118/2 என்ற சர்வே நம்பருக்கு நேரே மட்டும் வரிசையாகக் கேள்விக்குறி. எப்போதும் முதலில் எடுக்கும் காப்பியை அன்றைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக எடுத்திருந்தார். அதிலும் கேள்விக்குறிதான். அந்தப் பெயரைக் காலையில் கண்ணால் படித்த ஞாபகம் இருந்தது. என்ன படித்தோம் என்பதுதான் இல்லை.

"பழைய மிஷின்லயே அப்படித்தான் இருந்துச்சுன்னு எழுதிட்டுப் போவோம்மா" என்றார் காசிநாதன்.

"இல்லைங்க சார். நான்தான் அழிச்சேன். பத்தே காலுக்கு இருந்துச்சு."

காசிநாதனுக்கு முகம் மாறியது. "அப்ப வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்களே கண்டுபுடிங்க. இல்லேன்னா அந்த வரியையே எடுத்துடுவேன். உங்க கான்ட்ராக்ட்டப் பத்தியும் மேல கேப்பாங்க."

கான்ட்ராக்ட்டை நினைத்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். 118/2ஐ நினைத்ததும் மாத்திரையும் கேட்கவில்லை. அது யார் நிலம் என்று அவருக்குத் தெரியும். ஆபீஸ் கேட்டுக்கு வெளியே டீக்கடை போட்டிருக்கும் ஆண்டாயியின் அப்பா கொடுத்தது. கொடுத்த வருடமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். "சாவுறப்பகூட எம் பேரத்தான் எழுதச் சொன்னாரு எங்கப்பா. இப்ப எம் மவளுக்குக் குடுக்கட்டும், டிப்ளமா முடிச்சிட்டு வூட்டுல உக்காந்திருக்கு" என்பார் ஆண்டாயி. திருப்பூருக்குப் போய்விட்ட அண்ணன் வேல்முருகனும் தன் பெயர்தான் என்று மனு போட்டிருந்தார். இரண்டு மனுவுக்கும் பதில் அந்தக் கேள்விக்குறிக்கு அடியில் கிடந்தது.

புதன்கிழமை முழுக்க ஆண்டாயியின் கடையைத் தாண்டும்போதெல்லாம், அழைப்பே வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார் ஜெயசித்ரா. இப்படி ஒளிந்து போவதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. "ஏம்மா, டீ குடிக்காமப் போறியே" என்ற குரல் முதுகில் விழுந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, கடை ஓரத்தில் ஒரு லாரி டிரைவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அவர் கையில் இருந்த தாளில் கொம்பும் வாலும் முளைத்த எழுத்துகள். ஜெயசித்ரா நின்றுவிட்டார். புது கம்ப்யூட்டர் வந்த அன்று, பட்டியல் இப்படி வருகிறதே என்று மேலிடத்துக்குக் காட்ட முழுவதையும் பிரின்ட் எடுத்திருக்கிறார்கள். காட்டி முடிந்ததும் குப்பைதானே என்று ஆண்டாயியிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் கிழித்துக் கிழித்துப் பஜ்ஜி வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, இந்தத் தாளு இன்னும் இருக்கா?"

"இதுவா? ஒரு கட்டு இருக்கே. எதுக்கும்மா?"

ஜெயசித்ரா விஷயத்தை மறைக்காமல் சொன்னார். தான் அழித்ததையும் சொன்னார். ஆண்டாயி திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, கூடவே குனிந்து தேட ஆரம்பித்தார். அதற்குத் திட்டே தேவலை என்றிருந்தது. தாள் கட்டுக்குள் இல்லை. சக்கரைச் சாக்கின் அடியில் இல்லை. கடைசியில் பஜ்ஜித் தட்டில் விரித்திருந்த தாளை ஆண்டாயியே உரித்தெடுத்துத் தூக்கிப் பிடித்தார். எண்ணெய் ஊறி அந்தப் பக்கத்து வெயில் தெரிந்தது. ஓரத்தில் 118/2.

ஜெயசித்ரா படித்தார். ஒரு தடவை படித்து, எண்ணெயால் மாறித் தெரிகிறதோ என்று இன்னொரு தடவையும் படித்தார்.

"எம் பேருதானம்மா?" என்றார் ஆண்டாயி. சந்தேகத்தில் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். இது வேறு பெயர் என்று சொல்ல அரியலூரில் ஆள் கிடையாது, பெரம்பலூரிலும் கிடையாது. காசிநாதனுக்குத் தெரியாது. திருப்பூரில் இருப்பவருக்கும் தெரியப் போவதில்லை. அந்தச் சிரித்த முகத்தை ஜெயசித்ரா ஒரு தடவை பார்த்தார்.

பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளை ஸ்டூலில் வைத்து, கோணல் எழுத்து ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே அதற்குரிய தமிழ் எழுத்தை எழுதினார். எண்ணெயில் மை பிடிக்கவில்லை. அழுத்தி, இரண்டாம் தடவையும் எழுதினார்.

எட்டாவது வரை படித்த ஆண்டாயி குனிந்து எழுத்துக் கூட்டினார். "வே... ல்..."

ஜெயசித்ரா நிமிரவில்லை. நிறுத்தாமல் கடைசி எழுத்து வரை எழுதி, அதன் மேல் புள்ளியையும் வைத்துவிட்டு, தாளை ஆண்டாயி பக்கம் நேராகத் திருப்பி வைத்தார்.