ஏகாம்பரம் கொடுத்த தோள்

ஞாயிறு காலை இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஏகாம்பரத்தின் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா டீ குடிச்சிகினு இருந்தாரு. அப்டியே சாஞ்சிட்டாரு." ஏகாம்பரம் போய்விட்டார்.

அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பலர் அவரைக் கம்பெனி கேட்டில் நின்ற செக்யூரிட்டியாகத்தான் அறிவீர்கள். சரியாக சல்யூட் வைக்கத் தெரியாதவர் என்று கேலி செய்தவர்களும் உண்டு. அவருடைய வலது கை ஏன் தோளுக்கு மேல் எழவில்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

1991இல் பென்னலூர் அருகே ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் இருவரும் மெக்கானிக்குகள். ஒரே வயது. ஒரு மழைநாள் மதியம், கிளட்ச் மாற்றிய லாரிக்குக் கியர்பாக்ஸை ஏற்றியிருந்தோம். முன்பக்கம் இரண்டே போல்ட் பிடித்திருந்தன. பின்பக்கத்தை ஜாக்கி தாங்கியது. அங்கே வர வேண்டிய குறுக்குச் சட்டத்தைப் பொருத்த நான் அடியில் மல்லாந்திருந்தேன். துளைகள் நேராகச் சேரவில்லை. கம்பியால் நெம்பினேன். ஈர மண்ணில் ஜாக்கி சரிந்தது. கியர்பாக்ஸ் என் நெஞ்சின்மேல் இறங்கியது.

கத்த மூச்சில்லை. சத்தம் கேட்கட்டும் என்று பக்கத்தில் கிடந்த தகரத்தைக் காலால் உதைத்தேன். ஏகாம்பரம் தவழ்ந்து வந்து தோளை அடியில் கொடுத்தார். ஒரு விரல்கடை எழும்பியது. மூச்சு வந்தது, நகர இடம் வரவில்லை. லாரி டிரைவர் வேறு ஜாக்கி தேடி ரோட்டுக்கு ஓடினார்.

"ஏகா, நீ போயிடு. போல்ட்டு பிச்சிக்கினா ரெண்டு பேரும் காலி."

"பேசாத. மூச்சு உடு."

"பயமா கீதுடா."

"எனக்கும்தான் கீது. மூச்சு உடு."

எவ்வளவு நேரமோ தெரியாது. எண்ணெய் கழுத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தோள் நடுங்குவது இரும்பு வழியாக என் நெஞ்சில் தெரிந்தது. ஜாக்கி வந்து என்னை இழுத்தபோது எனக்கு இரண்டு விலா எலும்புகள் போயிருந்தன. இரண்டு மாதத்தில் நான் வேலைக்குத் திரும்பினேன். தோள் நசுங்கிக் கை மேலே எழாமல் போனதால் அவரால் திரும்ப முடியவில்லை; பிறகுதான் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்.

யார் புகழ்ந்தாலும் அவருக்குப் பிடிக்காது. "இன்னா பெரிய தியாகம்? தோள குடுத்தேன், மாட்டிக்கினேன். எடுக்க முடிஞ்சிருந்தா ஓடியிருப்பேன்" என்பார். என் மகன் கல்யாணத்திலும் அதையே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது பொய். அவர் எதிலும் மாட்டியிருக்கவில்லை. தோளை உருவினால் ஒரு நொடியில் வெளியே போயிருக்கலாம். நான் தலையைத் திருப்பி அவர் கால்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், போய்விடுவாரோ என்று. என் மனம் கனக்கக் கூடாதென்று அவர் சொன்ன அந்தப் பொய்யை அவர் இருந்தவரை நான் மறுக்கவில்லை.

எனக்கு மிஞ்சியிருப்பவை அந்த இரண்டு கால்கள். லாரிக்கு வெளியே, மழையில் நனைந்தபடி நீண்டிருந்தன. கடைசிவரை அவை பின்வாங்கவில்லை.