கிளறாத பாகு

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் மரக்காணம் உப்பளம் முழுக்க மழைத் தண்ணீர். தை பிறக்கும்வரை அங்கே எனக்கு வேலை கிடையாது. பொம்மையார்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு வாரம் பாக்குறேன். சரிப்பட்டா இரு. இல்லன்னா கெளம்பிடணும்."

ஆறு நாள் பாத்திரம் தேய்த்தேன். ஏழாவது நாள் சர்க்கரை வந்தது.

விடுதியில் ஒரு காலேஜ் டீச்சர் தங்கியிருந்தார். கண்ணாடியைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி எழுதுகிறவர். என்னை அக்கா என்பார். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே தங்கியிருந்தவர்களுக்கு அவர் பேச வேண்டும். அதில் காட்டுவதற்கு, சர்க்கரைப் பாகில் செய்த கண்ணாடி வேண்டுமாம். தட்டு அளவு. அந்தப் பக்கம் தெரிய வேண்டும். சமையல்காரருக்கு மதியச் சாப்பாட்டு வேலை தலைக்கு மேல். மேனேஜர் என்னைக் காட்டினார்.

"இந்தம்மா செய்யட்டும். இதுலயே தெரிஞ்சிடும்."

சமையல்காரர் சர்க்கரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார். எலுமிச்சை நாலு சொட்டு. "ஒரு சொட்டு பாகைத் தண்ணியில விட்டா மடக்குனு ஒடையணும். அப்ப எறக்கு." அவ்வளவுதான் சொன்னார்.

இறக்கினேன். ஆற ஆற மேலே ஏடு கட்டுகிற மாதிரி இருந்தது. எங்கள் உப்புப் பாத்தியில் ஏடு கட்டினால் விடக்கூடாது. பலகையைப் போட்டுக் கிளற வேண்டும். இல்லாவிட்டால் உப்பு பாளமாகப் பிடித்துக்கொள்ளும். பதினெட்டு வருஷம் கிளறிய கை. கரண்டியை எடுத்தேன். நன்றாகவே கிளறினேன்.

பாகு வெளுத்தது. மணல் மணலாகத் திரண்டது.

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கண்ணாடி கேட்டா உப்பு வெளைய வச்சிட்டியே! மூட்டை கட்டிடலாமா?"

பாத்திரத்தைக் கழுவினேன். இன்னும் ஒரு தடவைக்குத்தான் சர்க்கரை இருந்தது.

சத்தம் கேட்டு டீச்சர் வந்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கிளறினா சர்க்கரை வரிசை கட்டிடும் அக்கா. அப்புறம் கண்ணாடி கெடையாது. சும்மா விட்டுடுங்க."

"சும்மா வுட்டா?"

"ஆற ஆற நகர முடியாம, இருந்த எடத்துலயே நின்னுடும்."

மறுபடி காய்ச்சினேன். எண்ணெய் தடவிய கண்ணாடித் தட்டில் ஊற்றினேன். கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். டீச்சரும் உட்கார்ந்தார். கரண்டியில் ஒட்டியிருந்த பாகைச் சாய்த்தார். ஒழுகியது. கொஞ்சம் பொறுத்து நூலாக இறங்கியது. அப்புறம் நின்றேவிட்டது.

"பாருங்க, சூடு கொஞ்சம்தான் கொறஞ்சிருக்கு. வேகம் எத்தனையோ மடங்கு கொறஞ்சிடுச்சு. உள்ள பார்த்தா துகளெல்லாம் முன்னாடி எப்படிக் கலைஞ்சு கெடந்துதோ அப்படியேதான் இருக்கும். பின்ன ஏன் நகர மாட்டேங்குது? அதுக்குத்தான் சண்டை."

"யாருக்குள்ள?"

"எங்க ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள. ஒரு கட்சி, ஒவ்வொரு துகளையும் பக்கத்துல இருக்கறது கூண்டு மாதிரி அடைச்சிடுதுன்னு சொல்லுது. இன்னொரு கட்சி, தனியா நகர முடியாது, கும்பலா சேர்ந்துதான் நகரணும், ஆற ஆற கும்பல் பெருசாகணும், அதான் லேட்டுங்குது. மூணாவது கட்சி, ஒருத்தர் நகர்ந்தாத்தான் பக்கத்துல இருக்கறவர் நகரலாம்ங்குது. நான் மூணாவது."

சமையல்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நம்ம பாண்டி பஸ்ஸு" என்றார்.

காலையில் நான் அந்த பஸ்ஸில்தான் வந்தேன். இறங்க வேண்டும். முன்னால் நின்றவர் நகர்ந்தார். இடம் வரவில்லை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து உடம்பைத் திருப்பிய பிறகுதான் வெளியே வந்தேன்.

"ரெண்டாவது கட்சிதான் சரி டீச்சர்" என்றேன்.

"அக்கா! பக்கத்துல உக்காந்துட்டு எனக்கே வேட்டு வைக்கறீங்களா?"

"வுடாதம்மா! கட்சி மாறிடாத!" என்று சமையல்காரர் என்னைப் பார்த்துக் கத்தியை ஆட்டினார். டீச்சர் விடவில்லை. நானும் விடவில்லை. அந்த வாரம் நான் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

பேச்சு முடிந்தபோது தட்டு ஆறியிருந்தது. கீழே செய்தித்தாளை வைத்துப் பார்த்தேன். எழுத்து தெரிந்தது.

ஐந்து மணிக்கு டீச்சர் சர்க்கரைக் கண்ணாடியைத் தட்டிலிருந்து எடுத்து மேசையில் நிறுத்திவைத்துப் பேசினார். வெளியே மழை. நான் கதவோரம் நின்றேன். அரை மணி போயிருக்கும். கண்ணாடியின் ஓரம் பளபளத்தது. ஒரு சொட்டு உருண்டு மேசையில் இறங்கியது. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

டீச்சர் மட்டும் துள்ளினார். "ஈரத்தைக் குடிச்சதும் மறுபடி நகர ஆரம்பிச்சிடுச்சு, பாருங்க! நானே இதைக் காட்டணும்னு நெனைக்கல." எல்லோரும் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் கைதட்டினார். மேனேஜரும் தட்டினார்.

கூட்டம் கலைந்தது. மேனேஜர் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். என்னைக் கடந்து போனார்.

மறுநாள் காலையில் சமையலறை ஆணியில் முந்தின நாள் இல்லாத ஒரு ஏப்ரன் தொங்கியது. துவைத்துப் போட்டது, காயவில்லை. "மேனேஜர் இனிமே உனக்குன்னு மாட்டச் சொன்னாரு" என்றார் சமையல்காரர். ஈரத்தோடு கட்டிக்கொண்டேன்.